நார்மல் என்று எழுதிக் கொடுத்தவள்

அண்ணியின் முழங்கை மடிப்பில் நரம்பு கிடைக்கவில்லை. ரப்பர் கயிற்றை இறுக்கிக் கட்டி, விரலால் தட்டித் தட்டித் தேடினேன். சித்திரை மாதம், பகல் பதினொரு மணி. ராசிபுரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த எங்கள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் மின்விசிறி அனலைத்தான் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தது. என் முதுகில் வியர்வை வழிந்தது. அண்ணியின் கையோ ராத்திரி முழுக்க வெளியே கிடந்த பித்தளைச் சொம்பு போலச் சில்லென்று இருந்தது. புடவைத் தலைப்பை இழுத்து இரண்டு தோளையும் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்றாவது குத்தில் ரத்தம் வந்தது. "பாவம், உனக்குத்தான் செரமம் கண்ணு" என்றார். அந்தக் குளிர்ச்சியைத் தொட்டவள் நான். டிப்ளமோ படிப்பில் தைராய்டு குறைந்தால் உடம்பு குளிரும் என்று எழுதித் தேர்ச்சி பெற்றவளும் நான்தான். அதனால்தான் வீட்டில் யாரையும் கேட்காமல் அவரை அழைத்து வந்திருந்தேன். அன்று சாயங்காலம் கருவியில், தைராய்டுக்காக நாங்கள் பார்க்கும் டி.எஸ்.எச். அளவு இரண்டு புள்ளி நான்கு என்று வந்தது. இருக்க வேண்டிய அளவுக்குள் அழகாக உட்கார்ந்திருந்த எண். சிவப்பு மையில் அதைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் 'நார்மல்' என்று எழுதி, என் கையெழுத்தையும் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போனேன். அப்போது எனக்கு வயது இருபத்திரண்டு. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. என் கையெழுத்துக்கு ஒரு மதிப்பு இருக்கிறது என்பதே எனக்குப் புதிதாக இருந்த காலம்.

எங்கள் வீடு புதுச்சத்திரத்துக்கு உள்ளே, நெடுஞ்சாலையிலிருந்து மண் பாதையில் போக வேண்டும். அண்ணன் இரண்டு கொட்டகை முட்டைக்கோழி வளர்த்தார். அப்பா நான் பள்ளியில் படிக்கும்போதே போய்விட்டதால் வீட்டில் அம்மாவின் சொல்தான் சொல். அண்ணி எடப்பாடியிலிருந்து வந்தவர். அவருடைய அப்பா வீட்டோடு நான்கு விசைத்தறி போட்டிருந்தார். அந்த இரைச்சலில் வளர்ந்ததாலோ என்னவோ, பக்கத்தில் இருப்பவரிடம்கூடத் தெருவுக்குக் கேட்கிறமாதிரி பேசுவார். கல்யாணமான புதிதில் அம்மாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம். ஆனால் வேலையில் குறை சொல்ல முடியாது. விடிவதற்குள் கொட்டகையில் முட்டை பொறுக்கி, தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மார்போடு அணைத்துக்கொண்டு வேகவேகமாக வருவார். ஒரு முட்டையில் கீறல் விழாது. தறியில் அறுந்த நூலை ஓட்டம் நிற்காமல் பிடித்துப் பழகிய கை என்று அண்ணன் பெருமையாகச் சொல்வார். அந்த நாட்களில் நான் கல்லூரிக்குப் போக எட்டு மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். டிபன் டப்பாவை மூடியபடியே பாதி வழி ஓடி வந்து கொடுத்துவிட்டுத் திரும்புவார். மூச்சு வாங்காது.

பிரசவம் ராசிபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் நடந்தது. பையன் பகல் இரண்டு மணிக்குப் பிறந்தான். நஞ்சுக்கொடி வரவில்லை. கொஞ்ச நேரத்தில் நர்சுகள் ஓட ஆரம்பித்தார்கள். கதவு திறந்து மூடிய இடைவெளியில் கட்டிலுக்கு அடியில் தரை சிவப்பாக இருந்ததைப் பார்த்தேன். என்னோடு படித்தவர்களுக்கெல்லாம் போன் போட்டு ரத்தம் கொடுக்க ஆள் சேர்த்தேன். ஐந்து பாட்டில் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் அண்ணி கண் திறந்து, "பையனா புள்ளயா" என்று கேட்டபோது அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதார். உயிர் பிழைத்ததே பெரிது என்று எல்லோரும் சொன்னோம். ஏதோ ஒரு கடன் தீர்ந்துவிட்டது போல அந்த ரத்தப்போக்கை அதோடு மறந்தும் விட்டோம். அதுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம் என்று சொல்ல எங்களுக்கு யாரும் இல்லை. சொல்லியிருக்க வேண்டியவர்கள் எங்களைச் சீட்டு எழுதி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

பால் சுரக்கவில்லை. ஒரு சொட்டுக்கூட இல்லை. பூண்டு, கருவாடு, முருங்கைக்கீரை என்று அம்மாவும் பத்து நாள் பார்த்தார். பதினோராம் நாள் மாவுப்பால் டப்பா வந்தது. "பெத்த தாயிகிட்ட பாலு இல்லாம என்ற பேரன் டப்பாப் பாலக் குடிக்கறான்" என்று வந்தவர்களிடமெல்லாம் அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணி அதைக் கேட்டபடி சுவரில் சாய்ந்திருப்பார். பதில் பேசமாட்டார். அந்தப் பேசாமையைத்தான் நாங்கள் முதலில் கவனித்திருக்க வேண்டும். தெருவுக்குக் கேட்கப் பேசியவரின் குரல் அடங்கி, கரகரத்து, ஒவ்வொரு சொல்லாக இழுத்து வர ஆரம்பித்தது. மாதங்கள் போகப் போக முகம் வெளுத்து உப்பியது. புருவத்தின் ஓரங்கள் உதிர்ந்தன. வெயில் காலத்தில் கம்பளி போர்த்திக்கொண்டு தூங்கினார். விடிந்து எட்டு மணி வரை எழுந்திருக்க முடியாது. எழுந்தாலும் கொட்டகைக்குப் போய்ச் சேர்வதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிடுவார். ஒருநாள் பத்துத் தட்டு முட்டையைக் கைதவற விட்டுவிட்டு, அந்த மஞ்சள் குழம்புக்கு நடுவிலேயே உட்கார்ந்து தூங்கியிருந்தார். அண்ணன்தான் போய்த் தூக்கி வந்தார்.

இப்படி ஒரு வருடம் போன பிறகுதான் நான் ரத்தம் எடுத்தது. என் கையெழுத்துப் போட்ட தாளை அம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "என்ன போட்டிருக்குது" என்றார். "எல்லாம் நார்மல்தாம்மா. ஒண்ணும் இல்ல" என்றேன். அண்ணி சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன். அவரோ பயந்தது போல என்னைப் பார்த்தார். நோய் இருக்கிறது என்று யாராவது சொல்லமாட்டார்களா என்று காத்திருந்த ஒருவருக்கு அந்தச் சொல் எப்படிக் கேட்டிருக்கும் என்பது இத்தனை வருடம் கழித்துத்தான் எனக்குப் புரிகிறது. அன்றிலிருந்து என் தாள் அம்மாவின் வாயில் ஏறிக்கொண்டது. முட்டை வாங்க வந்தவர், கோழித்தீவனம் இறக்க வந்தவர், அண்ணியின் அப்பா என்று யார் கேட்டாலும் அம்மாவிடம் ஒரே பதில்தான். "என்ற புள்ளயே ரத்தம் எடுத்து மிசின்ல போட்டுப் பாத்துருச்சுங்க. ஒண்ணுமே இல்லையாம். ஒடம்பு வளையமாட்டேங்குது, அவ்வளவுதான்."

அண்ணன் கெட்டவர் அல்ல. மூன்று மருத்துவர்களிடம் அழைத்துப் போனார். ஒருவர் ரத்தம் குறைவு என்று டானிக் எழுதினார். ஒருவர் சத்து ஊசி போட்டார். மூன்றாமவர் என் தாளைப் பார்த்துவிட்டு, தைராய்டும் சரியாக இருக்கிறது, மனசுதான் காரணம் என்று மாத்திரை கொடுத்தார். அதைச் சாப்பிட்டு அண்ணி இன்னும் அதிகமாகத் தூங்கினார். மூன்று பேரில் ஒருவரும் பிரசவம் எப்படி நடந்தது என்று கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லவேண்டும் என்று அண்ணிக்கும் தெரியவில்லை. என்னிடம் மட்டும் ஒருநாள், துணி மடித்துக்கொண்டிருந்தபோது, மிகவும் கூச்சப்பட்டுச் சொன்னார். "பையன் பொறந்ததுல இருந்து தூரமே வரல கண்ணு. கக்கத்துல கூட முடி இல்லாமப் போயிருச்சு. இதெல்லாம் யாருகிட்டச் சொல்றது." நான் மடித்த துணியை அலமாரியில் வைத்தபடியே, ரத்தம் குறைவாக இருந்தால் அப்படித்தான் இருக்கும் என்று சொன்னேன். அவர் இன்னொரு துணியை மடித்தபடி கேட்டார். "ஒண்ணுமில்லைன்னா எனக்கு ஏன் கண்ணு இப்படி இருக்குது? உன்ற மிசின் தப்பாச் சொல்லுமா?" எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் படிப்பைச் சந்தேகப்பட்டது போல இருந்தது. "மிசின் பொய் சொல்லாதுங்க அண்ணி. மனுசங்கதான் சொல்லுவாங்க" என்றேன். அவர் அதற்குப் பிறகு தன் உடம்பைப் பற்றி என்னிடம் பேசவில்லை.

பையனுக்கு இரண்டரை வயதானபோது எங்கள் பரிசோதனை நிலையம் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் ஒரு இலவச முகாம் நடத்தியது. பெண்களுக்குத் தைராய்டு பரிசோதனை. வழக்கமாக டி.எஸ்.எச். மட்டும்தான் போடுவோம். அன்று முகாம் என்பதால் தைராய்டு சுரக்கும் டி-4 என்கிற ஹார்மோனின் அளவையும் சேர்த்துப் போட்டோம். அண்ணியும் வரிசையில் நின்று ரத்தம் கொடுத்தார். நாற்பது பேருக்குமேல் இருக்கும். மறுநாள் காலை முடிவுகள் ஒவ்வொன்றாக வந்தபோது நான்தான் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். அண்ணியின் டி.எஸ்.எச். முன்போலவே சரியாக இருந்தது. ஐந்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய டி-4 இரண்டு புள்ளி ஒன்று. எழுதிவிட்டுப் பேனாவை வைத்தேன். மீதமிருந்த ரத்தத்தை மறுபடி போட்டேன். அதே இரண்டு புள்ளி ஒன்று. முதலாளியிடம் காட்டினேன். அவர் அறிவாளிதான், கருணை இல்லாதவரும் அல்ல. தாளை ஒரு நிமிடம் பார்த்தார். "டி.எஸ்.எச். கரெக்டா இருக்குல்ல. தைராய்டு கொறஞ்சா அது ஏறித்தானம்மா இருக்கணும். அப்ப டி-4 தான் தப்பு. ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகாத ரிப்போர்ட்ட வெளிய விட்டா டாக்டருங்க நம்ம லேபைத்தான் கேப்பாங்க. டி.எஸ்.எச். மட்டும் அடிச்சுக் குடுத்துரு" என்றார்.

அதே கருவியில், அதே காலையில் ஓடிய மற்ற எல்லோருடைய டி-4 அளவும் சரியாகவே இருந்தது. தப்பு என்றால் நாற்பதிலும் தப்பாக இருந்திருக்க வேண்டும். இது எனக்கு அப்போதே தெரியும். வீட்டில் இருப்பவர் யார், கம்பளிக்குள் கிடப்பவர் யார் என்பதும் தெரியும். ஒரு போன் போட்டு நாமக்கல்லிலோ சேலத்திலோ ஒரு நல்ல மருத்துவரிடம், இப்படி ஒரு முடிவு வந்திருக்கிறது, இதற்கு என்ன பொருள் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. முதலாளி சொன்னார் என்பது பாதிக் காரணம்தான். மீதிப் பாதியை எழுதுவது கஷ்டமாக இருக்கிறது. ஒன்றுமில்லை என்று வீட்டில் நான்தான் முதலில் சொன்னேன். அந்தச் சொல் தப்பாகிவிடக் கூடாது என்று எனக்குள் ஏதோ ஒன்று விரும்பியது. பதிவேட்டில் இரண்டு புள்ளி ஒன்றின் மேல் ஒரு கோடு இழுத்தேன். தாளில் டி.எஸ்.எச். மட்டும் அச்சாகி வந்தது. சாயங்காலம் வீட்டுக்கு எடுத்துப் போனேன். இந்தமுறை யாரும் கேட்பதற்கு முன்பே, "நார்மல்தான்" என்றேன்.

பையனுக்கு நான்கு வயதானபோது அண்ணியை எடப்பாடிக்கு அனுப்பினார்கள். கொஞ்ச நாள் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வரட்டும் என்றுதான் சொன்னார்கள். பையன் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று இங்கேயே வைத்துக்கொண்டார்கள். அண்ணியின் அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்க, அண்ணி மண் பாதையில் மெதுவாகப் போனார். நான்கைந்து அடிக்கு ஒருமுறை நின்றார். திரும்பிப் பார்ப்பதற்காக நிற்கிறார் என்று நினைத்தேன். மூச்சு வாங்க நின்றிருக்கிறார். மூன்று மாதத்தில் அண்ணன் நாமக்கல்லில் வக்கீலைப் பார்த்தார். வேண்டுமென்றே குடும்பக் கடமைகளைச் செய்யவில்லை, குழந்தையைக் கவனிக்கவில்லை என்று மனு தயாரானது. அதில் இணைத்த ஆவணங்களில் மூன்றாவதாக இருந்தது என்னுடைய தாள். எதிர்மனுதாரருக்கு உடலில் எந்தக் குறையும் இல்லை என்பதற்கு ஆதாரம். சிவப்பு வட்டம், நார்மல், கையெழுத்து. வக்கீல் வீட்டில் வைத்து அதன் நகலைப் பார்த்தேன். அப்போதும் முகாமில் வந்த எண்ணைச் சொல்லவில்லை. எடப்பாடிக்காரர்கள் சண்டை போடவில்லை. அவர்களுக்கும் அந்தத் தாள் ஒரு பதிலாகத்தான் இருந்திருக்க வேண்டும். மகளுக்குச் சீக்கு என்று சொல்ல அவர்களிடம் ஒரு காகிதம் இல்லை. காட்டிய இடத்திலெல்லாம் அண்ணி கையெழுத்துப் போட்டார் என்று அண்ணன் வந்து சொன்னார். ஒரு கேள்வி கேட்கவில்லையாம். கேட்கத் தெம்பு இருந்திருக்காது.

விவாகரத்து முடிந்த ஆறாவது மாதம் ஒரு காலையில் அண்ணியின் அப்பாவிடமிருந்து எனக்கு போன் வந்தது. ரெண்டு நாள் வயிற்றுப்போக்கு, காய்ச்சல், காலையில் எழுப்பினால் நினைவில்லை, சேலம் அரசு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம் என்றார். "டாக்டரம்மா பழைய ரிப்போர்ட்டெல்லாம் கேக்கறாங்க சாமி. எங்ககிட்ட ஒண்ணும் இல்ல. உனக்குத்தான் ரத்தமெல்லாம் தெரியும். கொஞ்சம் எடுத்துட்டு வர முடியுமா" என்றார். மகளை இழந்துகொண்டிருந்த நேரத்திலும் என்னை அவர் சாமி என்றுதான் கூப்பிட்டார். நான் தாள்களை எடுத்துக்கொண்டு போனேன். எடுத்துப் போனது அச்சடித்த தாள்களை மட்டும்.

வார்டில் இருந்த மருத்துவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். நான் உள்ளே போனபோது அண்ணியின் அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். பிரசவத்தில் ரத்தம் நிறையப் போனதா. பால் சுரந்ததா. அதற்குப் பிறகு மாதவிலக்கு வந்ததா. மூன்றே கேள்விகள். ஐந்து வருடத்தில் யாரும் கேட்காத மூன்று கேள்விகள். பதிலைக் கேட்டுவிட்டு, என் தாள்களை வாங்கிப் புரட்டினார். "எல்லாத்துலயும் டி.எஸ்.எச். மட்டும்தான் பாத்திருக்காங்க" என்றார். பிறகு, நான் அந்த வேலையில் இருக்கிறேன் என்று தெரிந்ததும், கோபமில்லாமல் எனக்கு விளக்கினார். "தைராய்டு தானா வேலை செய்யாதும்மா. மூளைக்கு அடியில பிட்யூட்டரின்னு கடலைப் பருப்பு அளவுல ஒரு சுரப்பி இருக்கு. அதுதான் தைராய்டை வேலை செய்யச் சொல்லி டி.எஸ்.எச்.ஐ அனுப்பும். தைராய்டு சோர்ந்து போனா நிறைய அனுப்பும். அதனாலதான் அந்த நம்பர் ஏறுது. இவங்களுக்கு அன்னிக்கு ரத்தம் போனப்ப அந்தச் சுரப்பியில பெரும்பகுதி செத்துப்போச்சு. சொல்ல வேண்டியவனே படுத்துட்டப்ப நம்பர் எப்படி ஏறும்? மிச்சமிருக்கறது அனுப்பறது நார்மலாத் தெரியும், ஆனா வேலைக்கு ஆகாது. தைராய்டு சும்மா கெடக்கும். பாக்கறவங்க எல்லாம் நார்மல்னு எழுதுவாங்க. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ டி-4 பாத்திருந்தாலும் சந்தேகம் வந்திருக்கும்."

பார்த்தோம் என்று நான் சொல்லவில்லை. பக்கத்தில் அண்ணியின் அப்பா கைகட்டி நின்றிருந்தார். தைராய்டு மட்டுமல்ல, உடம்பு ஒரு காய்ச்சலைத் தாங்குவதற்குத் தேவையான சுரப்பும் நின்றுவிட்டது, அதனால்தான் இரண்டு நாள் வயிற்றுப்போக்கில் ஆள் இப்படி விழுந்துவிட்டார் என்றும் மருத்துவர் சொன்னார். முதலில் ஸ்டீராய்டு கொடுத்து உடம்பை நிலைப்படுத்திய பிறகுதான் தைராய்டு மாத்திரை, வரிசை மாற்றிக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து என்றார். இதைப் பின்னால் என் முதலாளி ஒரு சமாதானமாகப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு டி-4 குறைவு என்று நாம் எழுதியிருந்தால், யாராவது ஒரு டாக்டர் வெறும் தைராய்டு மாத்திரையைக் கொடுத்து அந்தப் பெண் அப்போதே போயிருப்பாள், நாம் காப்பாற்றினோம் என்று நினைத்துக்கொள் என்றார். நானும் சில வாரம் அதைப் பற்றிக்கொண்டு தூங்கப் பார்த்தேன். ஆனால் கோட்டை இழுத்தபோது இந்தக் கணக்கெல்லாம் என் மனதில் இருக்கவில்லை. இல்லாத காரணத்தைப் பிறகு தேடிப் பிடித்து வைத்துக்கொள்ள முடியவில்லை.

அண்ணி பிழைத்தார். தலைக்குள் எடுத்த படத்திலும் மருத்துவர் சொன்னதே தெரிந்தது. மாத்திரைகளோடு வீட்டுக்குப் போனார் என்று கேள்விப்பட்டேன். அண்ணனிடம் வந்து நோயைப் பற்றி மட்டும் சொன்னேன். அவர் முற்றத்தில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். "இப்பச் சொல்லி என்ன பண்றது" என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்குப் போனார். அப்போது அவருக்கு மோகனூர்ப் பக்கம் பெண் பேசி முடித்திருந்தார்கள். ஆவணியில் கல்யாணம் நடந்தது. வந்த பெண்ணும் நல்ல பெண். பையன் ஒரு மாதத்தில் அவரை அம்மா என்று கூப்பிட்டான்.

அடுத்த வருடம் என் அம்மா அசதியாக இருக்கிறது என்றார். நான்தான் ரத்தம் எடுத்தேன். டி.எஸ்.எச். பதினொன்று. அளவு மீறினால் தாளில் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி தானாக அச்சாகும். அதைப் பார்த்ததும் வீடே மாறிப்போனது. அண்ணன் அன்றே ராசிபுரத்துக்கு அழைத்துப் போனார். காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை, அரைமணி நேரம் கழித்துத்தான் காப்பி. புது அண்ணி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு டம்ளரோடு நிற்பார். "அம்மாவுக்குத் தைராய்டு. அவங்களுக்கு ஒரு வேலையும் சொல்லாதீங்க" என்று அண்ணன் பண்ணை ஆட்களிடம்கூடச் சொன்னார். அம்மா பகலெல்லாம் படுத்திருந்தார். வந்தவர்களிடம், "கையக்கால அசைக்க முடியலைங்க, ஒடம்பெல்லாம் ஈர மூட்டையாட்டக் கனக்குது. தைராய்டுங்களாமா" என்று சொன்னார். கேட்டவர்கள் அய்யோ பாவம் என்றார்கள். ஈர மூட்டை என்ற அதே சொல்லை, அதே கூடத்தில், அண்ணி சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒரு மனுஷி களைத்துப் படுப்பதற்கு ஒரு நட்சத்திரக் குறி தேவைப்பட்டிருக்கிறது. அது அம்மாவுக்குக் கிடைத்தது. அண்ணிக்கும் கிடைத்திருக்கும். நான் கோடு இழுத்த இடத்தில்தான் அது அச்சாகியிருக்க வேண்டும். அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நான் எடப்பாடிக்குப் பேருந்து ஏறினேன்.

அண்ணி தறி ஓட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் விசையை அணைத்துவிட்டு வந்தார். முகத்தில் உப்பல் இல்லை. கண் தெளிவாக இருந்தது. குரல் பழையபடி திரும்பியிருந்தது. "உக்காருங்க" என்றார். தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். முகாம் நாளில் நடந்ததை முழுதும் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னேன். ஆனாலும் முதலாளி சொன்னார், எனக்கும் புரியவில்லை, தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தது என்று வார்த்தைகள் தாமாகவே என்னைச் சுற்றி வேலி கட்டிக்கொண்டிருந்தன.

"தெரியுமா தெரியாதா, அதச் சொல்லுங்க" என்றார்.

"தெரியுங்க அண்ணி."

அவர் கையில் நூல் இழை ஒன்று ஒட்டியிருந்தது. அதைப் பிரித்து எடுத்து விரலில் சுற்றினார். அழுவார் என்று நினைத்தேன், திட்டுவார் என்று நினைத்தேன். "நாலு வருசம் பக்கத்துலயே இருந்தேன். எம்பையன் நடக்கப் பழகுனதே எனக்கு ஞாபகத்துல இல்ல. பேசுனது ஞாபகம் இல்ல. தூங்கிட்டேன். எம்மேலயே எனக்கு அருவருப்பா இருக்கும், இப்படியும் ஒரு பொம்பள இருப்பாளான்னு. நெசமாவே நான் சோம்பேறின்னு நம்பிட்டேங்க. நீங்க எழுதிக் குடுத்தத நான்தான் எல்லாரையும் விட ரொம்ப நம்புனேன்" என்றார். மன்னித்துவிடுங்கள் என்று ஆரம்பித்தேன். "அதெல்லாம் வேண்டாம். இப்பச் சொன்னீங்கல்ல, அத எழுதிக் குடுங்க. கையெழுத்துப் போட்டு. பையனக் கேட்டு கோர்ட்டுக்குப் போறேன்."

எழுதிக் கொடுத்தேன். உடனே கொடுத்தேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் இரண்டு மாதம் இழுத்தேன். வேலை போகுமே என்று பயந்தேன், அண்ணன் முகத்தில் விழிக்க முடியாதே என்று பயந்தேன். பதிவேட்டின் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து, கோட்டுக்கு அடியில் எண் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்து, கடிதத்தோடு வைத்து அனுப்பினேன். பயந்தது இரண்டுமே நடந்தது. அண்ணன் வாசலுக்கு வந்து, "கூடப் பொறந்தவளாட்டமா பண்ணியிருக்கற" என்று மட்டும் கேட்டார். அம்மா என்னோடு பேசுவதை நிறுத்தினார். சேலத்தில் ஒரு அறை எடுத்துக்கொண்டு வேறொரு பரிசோதனை நிலையத்தில் சேர்ந்தேன். வழக்கு ஒன்றரை வருடம் நடந்தது. என் கடிதத்தை நீதிபதி படித்தார் என்று சொன்னார்கள். பையனைக் கூப்பிட்டுக் கேட்டபோது அவன் அப்பா வீட்டிலேயே இருக்கிறேன் என்றான். அவன் மீது குற்றமில்லை. விடுமுறைகளில் சில நாள் எடப்பாடிக்கு அனுப்ப வேண்டும் என்று உத்தரவானது. அண்ணிக்கு என் கையெழுத்து வாங்கிக் கொடுத்தது அவ்வளவுதான்.

இப்போது நான் ரத்தம் எடுக்கும்போது பெண்களிடம் கேட்கிறேன். பிரசவத்தில் என்ன நடந்தது, பால் வந்ததா என்று. சிலர் முறைக்கிறார்கள். சில முடிவுகளைப் பார்த்து, சீட்டில் எழுதாத டி-4 ஐயும் போட்டுப் பார்க்கலாமா என்று மருத்துவருக்குப் போன் செய்கிறேன். உன் வேலையைப் பார் என்று சொல்பவர்களும் உண்டு. எழுதாத பரிசோதனையைச் செய்தால் மருத்துவர்கள் நம்மைத்தான் கேட்பார்கள் என்று இங்கேயும் சொல்லியிருக்கிறார்கள். சென்ற ஆண்டு இரண்டு பேரை அப்படி அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். ஒருவருக்கு ஒன்றுமில்லை. மற்றவர் திரும்பி வந்து சொல்லவில்லை. இதனால் எனக்கு ஆறுதல் கிடைக்கிறது என்று சொல்ல முடியாது.

சில மாதங்களுக்கு முன் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவைக் கண் காட்ட அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். அவர் உள்ளே போன நேரத்தில், எதிர் வரிசை பெஞ்சில் அண்ணி இருந்தார். மறுபரிசோதனைக்கு வந்திருந்தார். கையில் சீட்டுகள் வரிசையாக அடுக்கிய பிளாஸ்டிக் உறை. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். விலகி உட்காரவில்லை, திரும்பிச் சிரிக்கவும் இல்லை. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "நல்லாருக்குது. டி.எஸ்.எச். பாக்க வேண்டாம், டி-4 மட்டும் பாருங்கன்னு ஒவ்வொருவாட்டியும் நானே சொல்லிர்றேன். புதுசா வர்ற சின்ன டாக்டருங்களுக்குத் தெரியறதில்ல" என்றார். அம்மாவைப் பற்றிக் கேட்கவில்லை. அண்ணனைப் பற்றியும் கேட்கவில்லை. பேச வேறு எதுவும் கிடைக்காமல், லீவுக்குப் பையன் வந்தானா என்று கேட்டேன்.

"வந்தான். அஞ்சு நாளு இருந்தான்" என்றார். உறையின் ஓரத்தைச் சரிசெய்தார். "வந்ததும் 'நீங்க சாப்ட்டீங்களா, நீங்க உக்காருங்க'ன்னுதான் பேசுவான். யாரோ ஊட்டுக்கு வந்திருக்கறவனாட்ட. நாலு நாளு அப்படித்தான் போகும். அஞ்சாவது நாளு காலைல, அவனுக்கே தெரியாம, 'நீ வாம்மா'ன்னு ஒருவாட்டி வந்துருது. அன்னிக்குப் பகல்ல அவனக் கூட்டிட்டுப் போக காரு வந்து நிக்குது."

அவருடைய எண்ணைக் கூப்பிட்டார்கள். எழுந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, வேகமாக நடந்து உள்ளே போனார்.